பருத்திக்கு அம்மா யார்? அப்பா யார்?

ராஜபாளையம் பருத்தியால் வளர்ந்த ஊர்.

மேற்கே மலை. மலையடியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். கிழக்கே கரிசல் காடு. நடுவே நூற்பு ஆலைகள். 1936-ம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்லை நிறுவினார். பிறகு ஆலைகள் பெருகின. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் தறிகள் ஓடுகின்றன. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணி அங்கே நெய்யப்படுகிறது.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் அந்த ஊரின் பெருமைகள். மூன்றாவது பெருமை ஒன்றும் உண்டு. அது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அங்கே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது.

அந்த நிலையம் கண்டுபிடித்த பருத்தி ரகங்களுக்கு "எஸ். வி. பி. ஆர்." என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதன் சுருக்கமே அது. எஸ். வி. பி. ஆர். 2 என்ற ரகம் 1996-ம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

கரிசல் விவசாயிக்குப் பருத்தியைப் பற்றி எல்லாம் தெரியும். எப்போது விதைப்பது, எப்போது களை எடுப்பது, எந்தப் புழு எப்போது வரும் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு கேள்விக்கு உலகத்தில் யாருக்குமே வெகு காலம் விடை தெரியாமல் இருந்தது.

பருத்திக்கு அம்மா யார்? அப்பா யார்?

விடை கிடைத்தபோது விஞ்ஞானிகளே வியந்து போனார்கள். நூலே தராத ஒரு காட்டுச் செடிதான் அப்பா!

இரண்டு பருத்தி

தென் மாவட்டங்களில் பழைய காலத்திலிருந்து விளைந்து வந்தது கருங்கண்ணிப் பருத்தி. உப்பம் என்று இன்னொரு பருத்தியும் உண்டு. இரண்டும் நாட்டுப் பருத்தி. மழையை நம்பி விதைப்பார்கள். வானம் பொய்த்தாலும் கருங்கண்ணி தாக்குப் பிடிக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை எளிதில் வெல்ல முடியாது. ஆனால் பஞ்சு குட்டை. மெல்லிய நூல் நூற்க அது உதவாது.

1900-க்குப் பிறகு சில ஆண்டுகளில் சென்னை ராஜதானிக்கு ஒரு புதிய பருத்தி வந்தது. கம்போடியா நாட்டிலிருந்து வந்ததால் அதற்குக் கம்போடியாப் பருத்தி என்று பெயர். பெயர்தான் கம்போடியா. அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம்! அங்கிருந்து கம்போடியாவுக்குப் போய், பிறகு தமிழ் நாட்டுக்கு வந்தது.

அதன் பஞ்சு நீளம். மெல்லிய நூல் நூற்கலாம். நல்ல விலை கிடைக்கும். ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். பூச்சியும் நோயும் அதைத் தேடி வரும்.

பூவைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கருங்கண்ணிப் பூ மஞ்சள். உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு கண். கம்போடியாப் பூ வெண்ணெய் நிறம். மறு நாள் இளஞ்சிவப்பாக மாறி வாடிவிடும்.

யாருக்கும் ஓர் ஆசை வரும் அல்லவா? கருங்கண்ணியின் உரமும் கம்போடியாவின் நீளப் பஞ்சும் ஒரே செடியில் இருந்தால்?

மலட்டுச் செடி

விஞ்ஞானிகள் முயன்று பார்த்தார்கள். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றொன்றின் பூவில் தடவினார்கள். பெரும்பாலான காய்கள் உதிர்ந்து போயின. அபூர்வமாக ஒரு விதை தப்பிப் பிழைத்தது. முளைத்தது. செடி செழிப்பாக வளர்ந்தது. பூவும் பூத்தது.

ஆனால் காய்க்கவில்லை. அது மலட்டுச் செடி!

குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையைப் பலர் பார்த்திருப்பார்கள். நன்றாகச் சுமை இழுக்கும். குட்டி போடாது. இந்தச் செடியும் அப்படித்தான்.

காரணம் என்ன? விடை பூ மொட்டுக்குள் இருந்தது.

மொட்டுக்குள் ஒரு கல்யாணம்

ஒவ்வோர் உயிரின் உடம்பும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. அவற்றை செல்கள் என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் துண்டு போன்ற சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் குரோமோசோம். பூவின் நிறம், இலையின் வடிவம், பஞ்சின் நீளம் எல்லாம் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பரம்பரைச் சொத்தின் பத்திரம் என்று அவற்றைச் சொல்லலாம்.

மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். பாதி அம்மா கொடுத்தது. பாதி அப்பா கொடுத்தது.

குதிரைக்கு 64. கழுதைக்கு 62. ஆகவே கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை! அங்கேதான் தொல்லை.

பூவில் மகரந்தம் உண்டாகும் சமயத்தில் ஒரு விந்தை நடக்கிறது. அம்மா வழி வந்த குரோமோசோமும் அப்பா வழி வந்த குரோமோசோமும் ஒன்றை ஒன்று தேடிப் போய் ஜோடி சேர்கின்றன. எதுவும் எதனோடும் சேராது. தன் இனத்தைப் பார்த்துத்தான் சேரும். கூட்டம் நிறைந்த கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு பக்கத்தில் போய் உட்காருவதில்லையா? அது போலத்தான்.

ஜோடி சேர்ந்த பிறகு இரண்டும் பிரியும். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். இதனால் ஒவ்வொரு மகரந்தத் தூளுக்கும் சரி பாதி கிடைக்கிறது.

ஜோடி கிடைக்காத குரோமோசோம் என்ன செய்யும்? திருவிழாவில் கை தவறிய குழந்தை போலத் திக்குத் தெரியாமல் அலையும். கணக்குக் குழம்பும். மகரந்தம் கெட்டுவிடும். விதை பிடிக்காது.

இதிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு பாடம் கற்றார்கள். எந்தக் குரோமோசோம் எதனோடு ஜோடி சேருகிறது என்று பார்த்தால் போதும். யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லிவிடலாம்! இலையும் பூவும் சில சமயம் ஏமாற்றும். ஜோடி சேருவது அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

அதிகாலையில், மலராத சின்னஞ்சிறு மொட்டைப் பறிக்க வேண்டும். மலர்ந்த பூ உதவாது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மொட்டை உடனே சாராயமும் காடி அமிலமும் கலந்த நீரில் போடுவார்கள். செல்கள் அப்படியே நின்றுவிடும்.

பிறகு மொட்டைப் பிரித்து மகரந்தப் பையை எடுப்பார்கள். கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம் விடுவார்கள். அந்தச் சாயம் ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. மேலே மெல்லிய கண்ணாடியை வைத்துக் கட்டை விரலால் அமுக்குவார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம்கள் சிவப்பாகத் தெரியும். எண்ணலாம். ஜோடியா, தனியா என்றும் பார்க்கலாம்.

சொல்வது சுலபம். ஒரு நல்ல செல் கண்ணில் பட நூறு மொட்டை நசுக்க வேண்டியிருக்கும்.

26-ம் 52-ம்

1920-களில் பருத்தியின் குரோமோசோம்களை எண்ணி முடித்தார்கள்.

கருங்கண்ணி, உப்பம் முதலிய ஆசியப் பருத்திகளுக்கு 26. அமெரிக்காவில் பயிராகும் பருத்திக்கு 52. சரியாக இரண்டு மடங்கு!

மலட்டுச் செடியின் ரகசியம் வெளிப்பட்டது. கருங்கண்ணி கொடுப்பது பாதி, அதாவது 13. கம்போடியா கொடுப்பது 26. கூட்டினால் 39. ஒற்றைப்படை!

ஆனால் ஒரு கேள்வி தீர, மற்றொரு கேள்வி பிறந்தது. இரண்டு மடங்கு எப்படி வந்தது?

அமெரிக்கக் கண்டத்தில் காட்டுப் பருத்திச் செடிகள் பல உண்டு. மெக்சிகோவிலும் பெரு நாட்டிலும் வறண்ட மலைச் சரிவுகளில் அவை பூக்கின்றன. அவற்றுக்கும் 26 குரோமோசோம்கள்தான். அவற்றின் விதையில் நூற்கக் கூடிய பஞ்சு இல்லை. விதை மேல் கொஞ்சம் மயிர் இருக்கும். அவ்வளவுதான். அந்தப் பூக்களை ஆடு மாடு மேய்ப்பவர் கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஸ்கோவ்ஸ்டெட் போட்ட கணக்கு

1930-களில் ஏ. ஸ்கோவ்ஸ்டெட் என்ற விஞ்ஞானி இந்தப் புதிரை எடுத்துக் கொண்டார்.

முதலில், ஆசியப் பருத்திக்கும் அமெரிக்கப் பயிர்ப் பருத்திக்கும் பிறந்த 39 குரோமோசோம் செடியின் மொட்டைப் பார்த்தார். 13 ஜோடிகள் இருந்தன. 13 குரோமோசோம்கள் தனியாக நின்றன.

அப்படியானால், அமெரிக்கப் பருத்தி கொடுத்த 26-ல் 13, ஆசியப் பருத்திக்குச் சொந்தம்! மீதி 13 யாருக்குச் சொந்தம்?

அடுத்து, அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் அமெரிக்கப் பயிர்ப் பருத்தியையும் சேர்த்துப் பார்த்தார். அதிலும் 39. அதிலும் 13 ஜோடி. 13 தனி.

உருவத்திலும் ஓர் அடையாளம் இருந்தது. ஆசியப் பருத்தியின் குரோமோசோம்கள் பெரியவை. அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் குரோமோசோம்கள் சிறியவை. அமெரிக்கப் பயிர்ப் பருத்தியிலோ பெரியவை 26, சிறியவை 26!

கணக்கு முடிந்தது. என்றோ ஒரு காலத்தில் ஆசியப் பருத்தியின் உறவு ஒன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் கலந்திருக்க வேண்டும். 26-ம் 26-ம் சேர்ந்துதான் 52 ஆகியிருக்க வேண்டும்.

கார்த்திகைப் பூ செய்த உதவி

கணக்குச் சரி. சாட்சி வேண்டாமா? "இயற்கை செய்ததை நீங்கள் செய்து காட்டுங்கள்" என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் நேராகச் சேர்த்தால் பிறக்கும் செடியும் மலடுதான். இரு பக்கத்துக் குரோமோசோம்களும் தூரத்துச் சொந்தம். ஒழுங்காக ஜோடி சேருவதில்லை. ஒவ்வொன்றும் இரட்டித்துவிட்டால்? அப்போது எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும் அல்லவா?

இரட்டிக்க வைக்கும் மருந்து 1937-ல் தெரிய வந்தது. அதன் பெயர் கோல்சிசின். ஐரோப்பாவில் கோல்சிகம் என்ற பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டது.

இங்கே தமிழ் நாட்டுக்கு ஒரு பெருமை. அதே கோல்சிசின் நம் கார்த்திகைப் பூச் செடியிலும் இருக்கிறது! செங்காந்தள் என்று புலவர்கள் சொன்ன பூ அதுதான். மழைக் காலத்தில் வேலி ஓரங்களில் தீக்கொழுந்து போலப் பூக்கும். இன்று அது தமிழ் நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள். கடும் விஷம். குழந்தைகளை அதன் அருகில் விடக் கூடாது. மருந்துக்காக அதைத் தோட்டங்களில் பயிர் செய்கிறவர்களும் உண்டு.

1940-ம் ஆண்டு ஜே. ஓ. பீஸ்லி என்ற அமெரிக்கர் வெற்றி பெற்றார். ஆசியப் பருத்தியையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்தார். மலட்டுச் செடிக்குக் கோல்சிசின் கொடுத்தார். 26 குரோமோசோம்கள் 52 ஆயின. அந்தச் செடியை அமெரிக்கப் பயிர்ப் பருத்தியோடு சேர்த்தார். குரோமோசோம்கள் பெரும்பாலும் ஜோடி சேர்ந்தன! சொந்தம் நிரூபணமாகிவிட்டது.

அதே ஆண்டில் எஸ். சி. ஹார்லண்ட் என்ற விஞ்ஞானியும் தனியாக இதே போன்ற செடியை உண்டாக்கினார்.

அம்மா கடல் கடந்தவள்

அம்மா எது, அப்பா எது என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. செடியின் பசுங்கணிகத்தில் உள்ள மரபுப் பொருள், பருத்தியில் அம்மா வழியாகத்தான் வரும். 1989-ல் ஜோனதன் வெண்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதைச் சோதித்தார். அம்மா பழைய உலகத்துப் பருத்தி என்று தெரிந்தது. அதாவது ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்தியின் பழைய உறவு. அப்பா அமெரிக்கக் காட்டுச் செடி. இன்று பெரு நாட்டில் உள்ள ரைமண்டி என்ற காட்டுப் பருத்தி அந்த அப்பாவுக்கு மிக நெருங்கிய சொந்தம்.

கல்யாணம் நடந்தது எப்போது? சுமார் 10 லட்சம் முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு!

அப்போது கப்பல் இல்லை. பயிர் செய்ய மனிதனும் இல்லை. அப்படியானால் அம்மா கடலைக் கடந்தது எப்படி? பருத்தி விதை உப்புத் தண்ணீரைத் தாங்கும். கடல் அலையில் மிதந்து போய் அந்தக் கரையில் ஒதுங்கியிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

நூல் தரும் அம்மாவும் நூல் தராத அப்பாவும் சேர்ந்தார்கள். பிறந்த பிள்ளையின் நூலோ அம்மாவின் நூலை விட நீளம்! இதுவும் வேடிக்கைதான். 1998-ல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டியது. பஞ்சின் தரத்தை நிர்ணயிக்கும் பகுதிகள் பல, அந்த நூலில்லாத அப்பாவின் குரோமோசோம்களில் இருக்கின்றன!

கண்ணெதிரே பிறந்த பூ

இது பருத்தியில் மட்டும் நடந்ததல்ல. காட்டுப் பூக்கள் பலவற்றின் வம்சாவளியை விஞ்ஞானிகள் இதே முறையில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆட்டுத் தாடி என்ற பொருளில் பெயர் பெற்ற பூச்செடி ஒன்று உண்டு. அதன் மூன்று இனங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து சாலை ஓரங்களில் பரவின. ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம்கள். 1950-ல் மரியன் ஓன்பி என்பவர் அங்கே 24 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு புதிய இனங்கள் இருப்பதாக அறிவித்தார். ஐரோப்பாவில் அவை இல்லை. வந்த இடத்தில் கலந்து, இரட்டித்து, புதிதாகப் பிறந்தவை! இலட்சக் கணக்கான ஆண்டுகளுக்கு முன் பருத்திக்கு நடந்தது, இந்தப் பூக்களுக்கு மனிதர் கண்ணெதிரே நடந்துவிட்டது.

சென்னையில் படித்த பெண்மணி

இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஓர் இந்தியப் பெண்மணி உண்டு. அவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலம் அது!

1930-களில் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்து சென்றார். போர்க் காலத்தில் அங்கேயே இருந்து வேலை செய்தார். 1945-ல் சி. டி. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். உலகில் பயிராகும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை அதில் தொகுக்கப்பட்டிருந்தது. பிறகு தாயகம் திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1984-ல் காலமானார்.

விவசாயிக்கு என்ன லாபம்?

"அம்மா யாராக இருந்தால் என்ன? அப்பா யாராக இருந்தால் என்ன? பஞ்சு வந்தால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. பயிருக்கு ஒரு புது நோய் வருகிறது. இருக்கும் ரகங்களில் எதுவும் அதைத் தாங்கவில்லை. அப்போது என்ன செய்வது? வீட்டில் கஷ்டம் வந்தால் சொந்தக்காரரிடம்தானே உதவி கேட்போம்? பயிருக்கும் அப்படித்தான். சொந்தம் யார் என்று தெரிந்தால்தான் உதவி கேட்க முடியும்.

பருத்தி இலையைச் சுருட்டிப் பாழாக்கும் ஒரு நோய் உண்டு. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெருத்த நஷ்டம் உண்டாக்கியது. கருங்கண்ணியின் இனத்தை அது தொடுவதில்லை. அந்தச் சக்தியை நீளப் பஞ்சுச் செடிக்குக் கொண்டு வர முயற்சி நடக்கிறது. வேலியைத் தாண்டும் வழி இப்போது தெரியும். குரோமோசோமை இரட்டித்து, ஒரு செடியைப் பாலமாக வைத்து, சிறிது சிறிதாகக் குணத்தை இறக்க வேண்டும். பல வருஷம் ஆகும். ஆனால் முடியும்.

பீஸ்லி உண்டாக்கிய கலப்புச் செடி அதற்குச் சாட்சி. அந்த வழியில் வந்த ரகங்களுக்கு நூல் வலிமை அதிகம். நூலே இல்லாத காட்டுச் செடியைக் கலந்ததால் நூலுக்கு வலிமை கூடியது!

அதனால்தான் காட்டுப் பருத்திகளை விதை நிலையங்களில் பத்திரமாக வளர்க்கிறார்கள். நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைச் செய்கிறது. பிறந்த மண்ணில் அவற்றில் சில அருகி வருகின்றன. காடு வயலாகிறது. வயல் வீடாகிறது. ஒரு செடி அழிந்தால் அதனோடு ஒரு பத்திரமும் அழிகிறது. அதற்கு நகல் கிடையாது.

தெரு முனையில் ஒரு சொந்தம்

பருத்தியின் உறவைக் காண மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை.

ஊர்ப்புறங்களில் நிற்கும் பூவரச மரம் பருத்திக்கு நெருங்கிய சொந்தம். காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவந்துவிடும் பூவரசம் பூ. பருத்திப் பூவும் அதே மாதிரி நிறம் மாறுவதைப் பார்த்தோம். பூவரசுக்கும் 26 குரோமோசோம்கள்தான்! வெண்டையும் செம்பருத்தியும் துத்தியும் கூட அதே குடும்பம். கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

பிள்ளைகள் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுகிறார்கள். அப்படி ஊதும் பிள்ளையின் சட்டையும் அந்த மரமும் ஒரே வம்சம்!